தவளைக்குக் கட்டிய வலை

மழை வந்தால் மற்ற ஊர்களில் குடையை விரிப்பார்கள். அந்த ஊரில் விமான நிலையத்தையே மூடுவார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டே விமானம் வந்துபோகிற சின்ன நிலையம். ஓடுபாதையின் மேற்கு முனை கொஞ்சம் பள்ளம். பக்கத்தில் இருந்த பழைய மண்வாய்க்காலோ, எந்தப் பக்கம் போவதென்று அதற்கே தெரியாமல் புல்லுக்குள் படுத்துக் கிடந்தது. உருப்படியாக ஒரு மழை பெய்தால் போதும், மேற்கு முனையில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். விமானம் மேலே நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த வழியே பெருநகரத்துக்குத் திரும்பிவிடும். பயணிகள் அங்கிருந்து மலைச்சாலையில் பேருந்து பிடித்து, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேருவார்கள்.

அந்த வாய்க்காலைத் தூர்த்துவிட்டு, ஓடுபாதையின் நீளத்துக்கும் பெரிய சிமென்ட் குழாய் பதித்து, மேலே இரும்புக் கிராதிகள் வைத்து, தண்ணீரை வேலிக்கு வெளியே இருக்கும் ஓடையில் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நம் இன்ஜினியர். ஊழியர்கள் அவளை முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் சாக்கடை மேடம் என்பார்கள். இரண்டும் அவள் காதில் விழும். அதில் அவளுக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அம்மாவிடம்தான்.

சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும் அம்மா, "என் பெரியவ ஏர்போர்ட் கட்டுறா" என்பாள். சாக்கடை என்ற சொல் அவள் வாயில் வந்ததே கிடையாது.

"ஏம்மா, உள்ளதைச் சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவ?" என்று இவள் ஒருமுறை கேட்டாள்.

"உள்ளதைத்தானே சொல்றேன்? அது ஏர்போர்ட்லதானே இருக்கு?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவிடம் பேசி ஜெயித்தவர் யாரும் அந்தக் குடும்பத்தில் இல்லை.

அந்த அம்மா இன்றைக்கு மாலை விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். பெருநகரத்து மருத்துவமனையில் முதுகெலும்பில் அறுவை செய்து, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். "விமானத்துல கூட்டிட்டுப் போங்க, ஒரு மணி நேரம் தாங்குவாங்க. ரோட்டுப் பக்கமே போயிடாதீங்க. குலுங்கிக் கம்பி நகர்ந்துச்சுன்னா மறுபடியும் திறக்கணும்" என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். துணைக்கு இருந்த தங்கை, மழை முடியட்டும், அதுவரை இங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்குகிறோம் என்றுதான் சொன்னாள். இவள்தான் கேட்கவில்லை. "மழை வந்தா வரட்டும்டி. நான் போட்ட வடிகால் இருக்கு. விமானம் இறங்கும், நீ டிக்கெட் போடு" என்று மார்தட்டினாள். வேலை முடிந்த பிறகு ஒரு பெருமழைகூட அந்த வடிகாலைச் சோதிக்கவில்லை என்பதை அப்போது அவள் நினைத்துப் பார்க்கவேயில்லை.

வானம் சொல்லிவைத்தாற்போல் அன்று மத்தியானம் இருட்டியது. பிறகு மழை என்றால் மழை, அப்படி ஒரு மழை.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, சோதனைக்குப் போகிறேன் என்று டவரில் அனுமதி வாங்கி, மேற்கு முனைக்குப் போய் நின்றாள். தண்ணீர் ஓடுபாதையிலிருந்து வழிந்து, புல்தரையைத் தாண்டி, கிராதிக்குள் சளசளவென்று இறங்கியது. பிள்ளை முதல் அடி வைப்பதைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கைப்பேசியில் படம்கூட எடுத்தாள்.

படம் எடுத்து முடிப்பதற்குள் சளசளப்பு நின்றுவிட்டது. கிராதிக்கு மேலே தண்ணீர் மெல்ல எழும்பியது. பிறகு புல்லுக்கு மேல் வந்தது. பிறகு, பழைய காலத்தில் எப்படியோ அப்படியே, ஓடுபாதையின் ஓரத்தில் ஒரு பளபளப்பான நாக்கு நீட்டியது.

அவள் கைப்பேசியை அவசரமாக மழைக்கோட்டுக்குள் திணித்தாள்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. டவரில் இருந்தவர் பேசினார். "மேடம், மேற்கு முனையில தண்ணி பளபளக்குதே. விமானம் வந்துட்டு இருக்கு. காத்து திரும்பினதால அந்தப் பக்கம்தான் இறங்கியாகணும்."

"பாக்குறேன் சார்."

"சுத்தி வரச் சொல்றேன். அரைமணிக்கு மேல அவராலயும் நிக்க முடியாது, எண்ணெய் பார்க்கணும்ல? வடியுமா வடியாதா, ஒரு வார்த்தை சொல்லுங்க. விமானி கேட்டுட்டே இருக்கார்."

வடியும் என்று சொல்லிவிட வாய் துடித்தது. சொல்லிவிட்டால் விமானம் காத்திருக்கும். ஆனால் ஏன் நிற்கிறது என்றே தெரியாமல் எப்படிச் சொல்வது? மேலே இருப்பது அம்மா மட்டுமா?

"தெரியல சார். தெரிஞ்சதும் சொல்றேன்" என்றாள். அந்த ஒரு வரியைச் சொல்வதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது.

குழாயின் வாட்டம் தப்பிவிட்டதோ? அதுதான் முதலில் தோன்றியது. குழாய் போகிற சரிவில் எங்காவது ஒரு சாண் மேடாகிவிட்டால் தண்ணீர் தேங்கித் தேங்கித்தான் போகும். மட்டம் பார்த்த நாட்களெல்லாம் கண்முன் வந்து போயின. எங்கே கோட்டைவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்த மேன்ஹோல் மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்தாள். உள்ளே விளிம்பு வரை தண்ணீர். அதன்மேல் வெட்டிய புல் பச்சைப் போர்வையாக மிதந்தது. அது முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை, ஜம்மென்று நின்றது.

வாட்டம் தப்பியிருந்தால் தண்ணீர் மெதுவாகவாவது போகும். இப்படிக் குளமாக நிற்கிறதென்றால் கீழே யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள். குழாய் ஓடையில் திறக்கும் வாய் வேலிக்கு வெளியே இருந்தது. அந்தப் பக்கத்துக் கேட்டின் சாவியும் அங்கே போகிற ஜீப்பும் ஒரே ஆளிடம்தான் இருந்தன. அந்த ஆள் அவள் கணவன்.

ஓடுபாதையில் பறவைகள் வந்து உட்காராமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. கொக்கு ஒன்று எஞ்சினுக்குள் போனாலும் விமானத்துக்கு ஆபத்து என்பதால், நாள் முழுக்க ஜீப்பில் சுற்றி, துப்பாக்கியில் வெற்று வேட்டுப் போட்டு விரட்டுவான். எல்லோரும் அவனை வேட்டு என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் அவன் சத்தமே கேட்காது என்பது வேறு விஷயம்.

அவள் வாக்கி-டாக்கியில் கூப்பிட்டதும் வேட்டு ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவள் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள், "குழாய் வாய்க்குப் போங்க, சீக்கிரம்! அங்க ஏதோ அடைச்சிருக்கு" என்றாள்.

ஜீப் கிளம்பியது. அவன் ஒன்றும் பேசவில்லை. எப்போதும் பேசாதவன்தான், ஆனால் இது வேறு மாதிரிப் பேசாமை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியும்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஏங்க, என்னன்னு கேக்குறேன்ல?"

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே தொண்டையைச் செருமினான். "வலை."

"எந்த வலை?"

"தவளைக்கு. ஓடையில இருந்து தவளையெல்லாம் உன் குழாய்க்குள்ள ஏறி வருது. தவளை வந்தா பின்னாலயே கொக்கு வரும். அதான் வாயில மீன்வலை கட்டிட்டேன்."

"யாரைக் கேட்டுக் கட்டினீங்க?"

"உன்னைக் கேட்டுத்தான்."

"என்னையா?"

"போன வாரம் சாப்பிடும்போது கேட்டேன்ல? 'குழாய் வாயில வலை கட்டட்டுமா'ன்னு. நீ லேப்டாப்பைப் பாத்துக்கிட்டே 'ம்'முன்ன."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அலுவலகமாக இருந்தால் அதே கேள்வியை நாலு பேர் நாலு நாள் அலசியிருப்பார்கள். இங்கே விண்ணப்பம் சாப்பாட்டு மேசையில் போடப்பட்டது, அனுமதி ஒற்றை எழுத்தில் வழங்கப்பட்டது. அதோடு போயிற்றா? மழைத்தண்ணீர் தடையில்லாமல் ஓடட்டும் என்று நேற்றுத்தான் இவள் ஓடுபாதை ஓரத்துப் புல்லையெல்லாம் ஒட்ட வெட்டச் சொல்லியிருந்தாள். வெட்டிய புல்லை வாரச் சொல்ல மறந்துவிட்டாள். வலை மட்டும் இருந்தால் தண்ணீர் போயிருக்கும். புல் மட்டும் இருந்தாலும் போயிருக்கும். புருஷன் வலையை விரிக்க, பெண்டாட்டி அதற்குள் புல்லை அனுப்பியிருக்கிறாள். இப்படி ஒரு பொருத்தம் எந்த ஜாதகத்தில் பார்த்தாலும் கிடைக்காது.

கேட்டைத் திறந்து ஓடைக்கரையில் இறங்கினார்கள். குழாயின் வாயில் வலை நிறைமாத வயிறு மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. உள்ளே புல் அப்பி அப்பிக் கெட்டித்திருக்க, ஓரங்களில் மட்டும் தண்ணீர் பீய்ச்சியது. வேட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு நேராக அதன் முன்னால் போகப்போனான்.

"ஐயோ, முன்னாடி நிக்காதீங்க! அறுந்தா உங்களையும் சேர்த்து அடிச்சுட்டுப் போயிடும்" என்று அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கரையிலயே நில்லுங்க. மேல கட்டியிருக்கீங்கல்ல, அந்தக் கயித்தை மட்டும் பக்கத்துல இருந்து அறுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

அவன் கரையில் ஒருக்களித்துப் படுத்துக் கையை நீட்டினான். அவள் அவன் இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேலே மேகத்துக்குள் எங்கோ விமானம் உறுமிக்கொண்டு போனது. அம்மா ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கியிருப்பாள், சீட் முதுகில் உறுத்துகிறது என்று தங்கையைப் படுத்தியெடுப்பாள். பேருந்தில் ஏற்றினால்? அந்த வளைவுகளில்? கடவுளே, நான் ஏன் மார்தட்டினேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

முதல் கயிறு அறுந்தது. இரண்டாவதும் அறுந்தது. மூன்றாவதற்கு வேலையே வைக்காமல் வலை தானாகப் பிய்த்துக்கொண்டு போனது. பச்சைப் பொதி ஒன்று பீரங்கிக் குண்டுபோல ஓடையில் போய் விழுந்தது. அதன் பின்னால் பழுப்பாக, இரைச்சலாக, குழாய் நிறைய வந்தது தண்ணீர். கரை மண் சரிந்ததில் இருவரும் சேற்றில் உருண்டார்கள். வேட்டுக்கு முழங்கால் சிராய்ப்பும் தலை முதல் கால்வரை சேறும்தான் மிச்சம். ஓடையின் அந்தக் கரையில் தவளைகள் கத்தித் தீர்த்தன.

அவள் சேற்றிலேயே உட்கார்ந்து வாக்கி-டாக்கியைத் துடைத்து அழுத்தினாள். "சார், அடைப்பு எடுத்தாச்சு. வடியும். இப்ப சொல்றேன், கண்டிப்பா வடியும். மேற்கு முனையைப் பார்க்க ஆள் அனுப்புங்க."

"பார்த்துட்டே இருக்கேன் மேடம்" என்றது டவர்.

இருவரும் ஜீப்பில் ஏறி மேற்கு முனைக்குத் திரும்பினார்கள். மழை விட்டபாடில்லை, அதே வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கிராதிகளில் மறுபடியும் சளசளப்பு. ஓடுபாதையில் நீட்டியிருந்த நாக்கு ஓரத்துக்குச் சுருங்கி, புல்லுக்குச் சுருங்கி, இல்லாமலே போனது. சோதிக்கப் போனவர் ஓடுபாதை நெடுகப் போய்ப் பார்த்துவிட்டு, ஈரம்தான், தேங்கல் இல்லை என்று அறிவித்தார். டவர்காரர் விமானியிடம் பேசினார். மேகத்தைக் கிழித்துக்கொண்டு இரண்டு விளக்குகள் தெரிந்தன. சக்கரம் தரையைத் தொட்டபோது லேசாக ஒரு தூவல் எழும்பியது, அவ்வளவுதான்.

அவள் ஜீப்பின் முன்பக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். வேட்டு சேற்றுக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவள் தோளிலேயே வைத்தான்.

வருகைக் கூடத்தின் வாசலில் இருவரும் சேறு சொட்ட நின்றார்கள். பயணிகள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்த கோட்டுக்காரர் அவள் கழுத்து அட்டையைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், நின்றுவிட்டார்.

"நீங்கதானா அந்த சாக்கடை இன்ஜினியர்?"

அவள், இத்தனை நேரம் சுற்ற விட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்தாள். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"தண்ணி நிக்குது, திரும்பினாலும் திரும்புவோம்னு விமானி சொன்னதும் எல்லாரும் ஆடிப்போயிட்டோம். உங்க அம்மாதான் தைரியம் சொன்னாங்க."

பின்னாலேயே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த தங்கை மூச்சுவிடாமல் கொட்டினாள். "அக்கா, மானத்தை வாங்கிட்டாக்கா! பெல்ட்டுக்குள்ள இருந்துகிட்டே முன்னாடி சீட்டு, பின்னாடி சீட்டுன்னு ஒருத்தரை விடல. 'யாரும் பயப்படாதீங்க. கீழ என் பெரியவ இருக்கா. சாக்கடை இன்ஜினியர். தண்ணி வடியாம வீட்டுக்குப் போக மாட்டா'ன்னு ஒரே சத்தம்!"

நாற்காலியில் அம்மா முதுகு வளையாமல் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைத்தான் மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன மாப்பிள்ளை இது கோலம்?"

"தவளை, அத்தை" என்றான் வேட்டு. அதற்கு மேல் விளக்க அவனால் முடியவில்லை.

இவள் குனிந்து அம்மாவின் மடியில் கையை வைத்தாள். சேறு பட்டுவிடுமே என்று உடனே எடுக்கப்போனாள். அம்மா விடவில்லை. அந்தக் கையை இழுத்துத் தன் வெள்ளைப் போர்வையின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"முதுகு வலிக்குதாம்மா?"

"முதுகுக்கு ஒண்ணுமில்ல. தொண்டைதான் கட்டிக்கிச்சு" என்றாள் அம்மா. "இனிமே கொஞ்சம் சீக்கிரமா வடிய விடுடி. எத்தனை பேருக்குத்தான் நானும் சொல்றது?"