யூ.கே.ஜி.யின் நொண்டி ஆட்டம்

ஜெயப்ரியா தறிக்குழியில் விழுந்ததற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து அதே வீடு, அதே தறி, நெய்கிறவர் காலைத் தொங்கப்போடும் அதே குழி. பட்டப்பகலில் போனைப் பார்த்துக்கொண்டே நடந்தால் நெசவாளி மகளானாலும் விழத்தான் வேண்டும். இடது கணுக்கால் சுளுக்கி, பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

வீட்டில் லீவு போடச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில், யூ.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டு ஆட்டத்தோடு உடற்பயிற்சி சொல்லித் தருகிறவள் அவள். அந்த வகுப்புக்கே இப்போது ஆபத்து. தனுஷின் அப்பா ராமராஜன், பட்டுக்கடை சேல்ஸ்மேன், ஹெட்மிஸ்ட்ரஸ் கிருஷ்ணவேணியிடம் போய்க் கொடி பிடித்திருந்தார்.

"ஸ்கூலுக்கு அனுப்புறது எழுதப் படிக்க மேடம். ஆட்டமெல்லாம் டிவியப் பாத்தே கத்துக்கினு வருதுங்க."

இன்னும் சில பெற்றோர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். சனிக்கிழமை எல்லாரும் வந்து பாருங்கள், வகுப்பு வேண்டுமா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டார் கிருஷ்ணவேணி.

இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டிலிருந்து மகனை வண்டியில் கொண்டுவந்து இறக்குகிற மனிதர் இந்த ராமராஜன். ஜூன் மாதம் தனுஷ் பள்ளி மாடிப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்து மூச்சு வாங்குவான். இப்போது தடதடவென்று ஓடுகிறான். அவரிடம் ஜெயப்ரியா எத்தனை தரம் சொன்னாலும் காதில் ஏறவில்லை.

அதனால் அந்த வாரம் முழுக்க வலியோடுதான் ஆடிக் காட்டினாள். வலது இடது குழம்பக் கூடாதென்று பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று ஆடுவது அவள் வழக்கம். பின்னால் என்ன நடந்தது என்று அவள் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து பாட்டைப் போட்டுவிட்டாள். பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். எல்லாரும் வலது காலில்தான் குதித்தார்கள். இடது காலின் நுனிவிரல் மட்டும் தரையைத் தொட்டுவிட்டு மேலே போய்விட்டது. திரும்பும்போது எல்லாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரே குரலில், "ஸ்ஸ்... அம்மா!" என்றார்கள்.

ராமராஜன் எழுந்துவிட்டார். "இன்னாமா இது? நல்ல காலோடதான அனுப்புனோம்? எல்லாம் நொண்டிக்கினு இருக்குதுங்க!"

"மிஸ் இப்டிதான் அங்கிள் ஆடுனாங்க," என்றாள் முன்வரிசை கீர்த்தி, குதிப்பதை நிறுத்தாமலே.

ஹால் முழுக்க ஒரே சிரிப்பு. தன் வகுப்புக்குத் தானே உலை வைத்துவிட்டோமே என்று ஜெயப்ரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கிருஷ்ணவேணி மட்டும் சிரிக்கவில்லை. "பாட்டு முழுக்க ஒத்தக் கால்லயா? ராமராஜன் சார், நீங்க ஒரு வாட்டி ஆடிக் காட்டுங்க."

இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மகன் பக்கத்தில் போய் நின்றார். மறுபடியும் பாட்டு. பல்லவி முடிவதற்குள் உடம்பு தள்ளாடியது. சரணத்தில் சுவரைப் பிடித்தார். அப்புறம் தொப்பென்று தரையிலேயே உட்கார்ந்து வாயால் மூச்சு விட்டார்.

தனுஷ் குதித்துக்கொண்டே அப்பாவை எட்டிப் பார்த்தான்.

"கொஞ்ச நேரம் உக்காருப்பா. நானும் மொதல்ல இப்டிதான் உக்காந்துக்குவேன். டெய்லி ஆடுனா சரியாப் பூடும்."



"எழுத்து எங்க பூடப் போவுது மேடம், மெதுவா வரட்டும். இந்த ஆட்டம் இருக்கட்டும்," என்றார் ராமராஜன், எழுந்துகொள்ள மகனிடம் கையை நீட்டியபடி.