சுவரில் முட்டிய வெள்ளைக்கோடு

ஜெயமேரி டீச்சர் இரண்டு வருடம் மனு கொடுத்த பிறகு, 2003 ஜூன் மாதம், வத்தலக்குண்டு சாலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நடந்து கடக்க வெள்ளைக்கோடு போட்டார்கள். மாலையில் பிள்ளைகளை எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பது டீச்சரின் வேலை. அன்று சந்தோஷமாகக் கோட்டில் இறங்கி நடந்தவர், பாதிச் சாலையில் நின்றுவிட்டார். கோடு நடுவிலிருந்த தடுப்புச்சுவரில் போய் முட்டி, அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பித்தது. இடுப்பு உயரச் சுவர்.

"ஏறிக் குதிக்கணுமா டீச்சர்?" என்றாள் கீர்த்தனா. அவள் மூன்றாம் வகுப்பு.

மறுநாள் டீச்சர் நெடுஞ்சாலை ஆபீசுக்குப் போனார். "கோடுதான் எங்க வேலை. சுவரு வேற செக்சன்," என்றார்கள். அந்த செக்சனில், "சுவரு முன்னாடியே இருந்துச்சே, கோடு போட்டவுகளக் கேளுங்க," என்றார்கள்.

வேறு வழியில்லாமல், முப்பது அடி தள்ளி வண்டிகள் திரும்புகிற இடைவெளி வழியாகவே பிள்ளைகளைக் கூட்டிப்போனார். போலீஸ்காரர் மொக்கைச்சாமி விசில் ஊதி மறித்தார்.

"படிச்சவுக நீங்களே இப்படிச் செய்யலாமா? கோட்டுல போங்க."

"வாங்க, நீங்களே கூட்டிட்டுப் போங்க."

அவர் விறைப்பாக முன்னால் நடந்தார். சுவருக்கு முன்னால் நின்றார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"எவன் டீச்சர் இப்படிப் போட்டது?"

"அதத்தான் நானும் கேட்டுக்கிட்டு அலையுறேன்."

அன்றிலிருந்து அவரே இடைவெளியில் நின்று வண்டிகளை நிறுத்தினார். ஆறே நாள். பிறகு அவரை வேறு டூட்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

பெற்றோர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, சுவரில் வழி விடச் சொல்லி டீச்சர் இன்னொரு மனு கொடுத்தார். ஆகஸ்டில் ஒருநாள் பள்ளி முன்னால் வண்டி வந்து நின்றது. சுவரை உடைக்க வந்திருக்கிறார்கள் என்று வகுப்பிலிருந்து ஓடினார். வந்தவர்கள் வெள்ளைக்கோட்டின் மேல் கறுப்புப் பெயிண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் புதுப் பலகை: 'இங்கே சாலையைக் கடக்காதீர்.'

"அப்ப பிள்ளைக எங்கிட்டுப் போறது?"

"அது எங்களுக்குத் தெரியாது டீச்சர். எங்களுக்கு இம்புட்டுத்தான் சொன்னாக."

மணி அடித்தது. டீச்சர் பிள்ளைகளைக் கைகோக்கச் சொல்லி, தன் கையை நீட்டிக்கொண்டு இடைவெளியில் இறங்கினார். "போர்டு கண்ணுக்குத் தெரியலையா?" என்று ஒரு வேன்காரன் கத்திக்கொண்டு போனான்.

அன்று வீட்டுக்குப் போனதும் அடுத்த மனுவை எழுத உட்கார்ந்தார். இந்தத் தடவை கோடு கேட்கவில்லை. மாலையில் அரை மணி நேரம் ஒரு போலீஸ்காரர் போதும் என்று மட்டும் எழுதினார்.