களையே இல்லை

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. எங்கள் குடியிருப்பின் கருத்துப் பதிவேட்டில் நான் எழுதிய மூன்று சொற்களில் பிறந்தது. மூன்றே சொல்லில் ஒருவருடைய வேலையைக் காலி செய்ய எல்லோராலும் முடியாது. அதற்குப் பல வருடம் எழுதிப் பழகியிருக்க வேண்டும்.

2

தொடக்கம் ஒன்று: “ஆதவன் தன் செங்கதிர்களால் பூமியை...” வேண்டாம். வெயில் என்றாலே உங்களுக்குப் புரியும்.

தொடக்கம் இரண்டு: எங்கள் தோட்டக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். (முதல் வரைவில் அவரை அப்பாவியாக எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அப்பாவி யாராவது சங்கச் செயலாளரிடம், “ரோஜா வைக்கச் சொல்றது நீங்க, கோடைல அது கருகினா திட்டு வாங்குறது நானா?” என்று கேட்பாரா?)

கேட்டதோடு நிற்காமல், கருகிய ரோஜாவைப் பிடுங்கிவிட்டு, இந்த மண்ணிலேயே விளையும் தும்பையும் துத்தியும் வைத்தார். மழைக்காலம் முழுக்கப் பூத்துத் தள்ளின. கோடை வந்ததும் தும்பை விதையை உதிர்த்துவிட்டுக் காய்ந்தது, துத்தி இலையைக் கொட்டிவிட்டுச் சும்மா நின்றது.

“இது அதுங்க தூங்குற காலம் சார். முதல் மழை விழட்டும், அப்புறம் பாருங்க” என்றார்.

செயலாளருக்கு, சங்கக் கூட்டத்தில் தூங்கும் தன்னைத் தவிர வேறு எதுவும் தூங்கக் கூடாது. தோட்டம் முழுக்கக் களைச்செடி மண்டிவிட்டது, எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் புல் விரிக்கலாம் என்றார். பிளாஸ்டிக் புல்லுக்குத் தோட்டக்காரம்மா எதற்கு? ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு, அதற்குள் எல்லோரும் பதிவேட்டில் கருத்து எழுத வேண்டும்.

நான் தோட்டக்காரம்மா பக்கம். சத்தியமாக. தினமும் அவர் குனிந்து பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்குவதை ஜன்னல் வழியே பார்த்தவன். அதனால் எழுதினேன்: “தோட்டத்தில் களையே இல்லை.” அதன் கச்சிதத்தைப் பார்த்து நானே கொஞ்ச நேரம் ரசித்தேன்.

3

கூட்டத்தில் செயலாளர் வாசித்தார்.

“நம்ம எழுத்தாளரே சொல்லிட்டார் பாருங்க, தோட்டத்துல களையே இல்லைன்னு. வாசல்ல களை இல்லைன்னா, இது வீடா என்ன?”

பிளாஸ்டிக் புல்லுக்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. நான் எழுந்து, “ஐயா, நான் சொன்னது முகத்தில் இருக்கும் களையை இல்லை, மண்ணில் பிடுங்கும் களையை” என்று

(இந்த வாக்கியம் முடியவே மாட்டேன் என்கிறது. ஏனென்றால் நான் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்து நாற்காலி அம்மா, “மூணு வார்த்தைல எவ்வளவு அழகாச் சொல்லிட்டீங்க” என்றார். பாராட்டை இடைமறித்து எனக்குப் பழக்கமில்லை. தலையாட்டினேன்.)

4

முடிவு அ: அன்று மாலையே மழை கொட்டுகிறது, துத்தி துளிர்க்கிறது, செயலாளர் கண் கலங்குகிறார். மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. செயலாளர் கலங்க ஆறு ஜென்மம்.

முடிவு ஆ: எழுத்தாளர் பொங்கி எழுகிறார். சிரிக்காதீர்கள்.

முடிவு இ, அதாவது நடப்பது: தோட்டக்காரம்மா என் கதவைத் தட்டி, தோட்டச் சாமான்கள் வைக்கும் கொட்டகையின் சாவியை நீட்டினார்.

“செயலாளர் வீடு பூட்டியிருக்கு சார். நீங்க குடுத்துடுங்க.” பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: “நீங்க எழுதினதைப் படிச்சேன். களையே இல்லைன்னு. ரெண்டு வருஷமா குனிஞ்சு குனிஞ்சு பிடுங்கினேன், அதைக் கவனிச்சது நீங்க ஒருத்தர்தான். மனசு நிறைஞ்சுபோச்சு.”

என் வாழ்நாளில் என்னைச் சரியாகப் படித்த ஒரே வாசகி.

“மத்தவங்கதான் வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டாங்களாம். அன்னிக்கு நீங்க கூட்டத்துக்கு வரலை போல. வந்திருந்தா சொல்லியிருப்பீங்க” என்றார்.

இதற்கு ஐந்து பதில் எழுதிப் பார்த்துவிட்டேன். ஐந்தும் நல்ல தமிழ். ஐந்தும் பொய்.

நாளைக் காலை எட்டு மணிக்கு மண்வெட்டியோடு ஆட்கள் வருகிறார்கள். ஆறாவது பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம். அவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்.