பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆம்ப்

என் மாமனாருக்குத் தெரு வைத்த பெயர் 'இடி'. கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடை எங்களுடையது. மாட்டிய காரின் கண்ணாடி அதிராவிட்டால் அவருக்கு அன்று சோறு இறங்காது. பில் போடுவது என் வீட்டுக்காரர். அப்பா முன்னால் அவர் வாய்க்குப் பூட்டு. வயரிங் என் வேலை. கல்யாணத்துக்கு முன்பே வேறொரு கடையில் கற்றுக்கொண்டது.

அன்று என் அண்ணனின் கார் வந்தது. பழைய கார்தான், ஆனால் அவன் வாங்கிய முதல் கார். அவனுடைய இரண்டு பெண்களும் பின்சீட்டில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அடிச்சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரை டிக்கியில் வைத்து, அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபயரை, எங்கள் பேச்சில் ஆம்பை, பின்சீட்டின் முதுகில் திருகுவோம். அதாவது சீட்டுக்கு அந்தப் பக்கம் ஆம்ப், இந்தப் பக்கம் குழந்தைகளின் முதுகு.

சப்வூஃபருக்குள் இரண்டு காயில்கள், ஒவ்வொன்றும் இரண்டு ஓம் தடை. ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் நாலு ஓம். பக்கவாட்டில் சேர்த்துக் கட்டினால் ஒரே ஓம். தடை குறையக் குறைய சத்தம் எகிறும், ஆம்பும் கொதிக்கும். நாலுக்குக் கீழே கூடாது என்று அந்த ஆம்பின் மேலேயே அச்சடித்திருந்தது. மலிவுச் சரக்கு, சூடானால் தானாக நின்றுகொள்ளும் புத்தி அதற்குக் கிடையாது. நான் நாலாகத்தான் கோத்தேன்.

மாமா பாட்டைப் போட்டுப் பார்த்து முகம் சுளித்தார். கண்ணாடி அசையவில்லை. என்னை நகரச் சொல்லிவிட்டு அவரே வயர்களை மாற்றிக் கட்டினார். ஒரு ஓம். உடனே ஃபியூஸ் போனது. அதைவிடப் பெரிய ஃபியூஸைச் செருகினார்; இனி ஃபியூஸ் போகாது, வயர்தான் தீயும். இதே வித்தையில் மாட்டிய இரண்டு கார்கள் சமீபத்தில் தீய்ந்த வாடையோடு திரும்பி வந்திருந்தன. ஆம்ப் மட்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வாடை அவர் மூக்குக்கு மட்டும் எட்டவே இல்லை.

மறுபடி பாட்டு. கண்ணாடி மட்டுமா, கடை ஷட்டரே நடுங்கியது. குழந்தைகள் சீட்டில் சாய்ந்துகொண்டு, முதுகு கூசுகிறது என்று சிரித்தார்கள். நாலைந்து பாட்டு ஓடும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, அண்ணனின் கையைப் பிடித்து ஆம்பின் மேல் வைத்தேன். அவன் வெடுக்கென்று உதறிக்கொண்டான்.

"இது ஆகாது அண்ணா. மாமா மாத்திக் கட்டிட்டாரு. ஒருநாள் தீப்பிடிக்கும்."

அத்தனை பேர் முன்னால் நான் மாமாவை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் முகம் கறுத்தது. எத்தனை வண்டி பார்த்தவன் நான், நேற்று வந்தவள் எனக்குச் சொல்லித் தருகிறாளா என்று அண்ணனிடமே நியாயம் கேட்டார். என் வீட்டுக்காரர் பில் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். சிவந்த உள்ளங்கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. அவ சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான், எதுக்கெடுத்தாலும் பயப்படுவா."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன எனக்கு. கூடப்பிறந்தவனே விட்டுக்கொடுத்துவிட்டான். பாட்டு அதிர அதிர கார் கிளம்பியது. பார்த்தாயா, உன் அண்ணனுக்கே பிடித்திருக்கிறது என்று மாமா வாசலில் நின்று ரசித்தார்.

கார் தெருமுனையில் திரும்பியதும் சத்தம் பட்டென்று நின்றது. எனக்குப் பகீரென்றது. ஓடினேன்.

குழந்தைகளை இறக்கி ஓரமாக நிறுத்தியிருந்தான் அண்ணன். டிக்கியைத் திறந்து, ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் சங்கடமாகச் சிரித்தான்.

"சுட்டது என் கைதானே, எனக்குத் தெரியாதா? ஆனா நானும் அவரை எதிர்த்துப் பேசிட்டுப் போயிட்டா, அந்த வீட்ல இருக்கப்போறது நீ."

உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியிருந்தது.

கடைக்குத் திரும்பினேன். ஏன் சத்தத்தையே காணோம் என்று மாமா கேட்டார். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம்; அண்ணன் சுட்ட கையை மறைத்துக்கொண்டு வாங்கித் தந்த நிம்மதி அது. என்னால் முடியவில்லை.

"அண்ணன் ஃபியூஸைப் புடுங்கிட்டான் மாமா. பின்சீட்ல புள்ளைங்க இருக்காங்கல்ல."

அடுத்த காரின் டிக்கி திறந்து கிடந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நானே உள்ளே குனிந்தேன். மாமா என்னை நகரச் சொல்லவில்லை. இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.