பாஞ்சாலைக்கு ஒன்றே முக்கால் ஆடு

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. எழுதச் சொன்னார்கள்.

அரசுத் திட்டங்களைப் பற்றி அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறேன். ஒரு திட்டம் வந்தால் குடும்பங்கள் என்ன பயிர் வைக்கும், யார் ஊரை விட்டு வேலைக்குப் போவார்கள் என்று கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி, அதாவது மாடல், செய்து பார்ப்பது என் வேலை. இந்த முறை கேள்வி ஜவ்வாது மலையைப் பற்றியது. புதூர்நாட்டுப் பக்கம் அரசே சாமையை வாங்கிக்கொள்ளும் கொள்முதல் நிலையம் திறக்கலாமா, வேண்டாமா? அறிக்கை ஏறக்குறைய முடிந்த பிறகு என் மேலதிகாரி அருள்மணி சார் கூப்பிட்டார். "டெல்சி, நடுவுல ஒரு கட்டம் போட்டு ஒரு குடும்பத்தோட கதைய அரைப் பக்கத்துக்கு எழுதிடும்மா. முடிவெடுக்கற கமிட்டிக்காரங்க அதைத்தான் படிப்பாங்க."

அந்த அரைப் பக்கத்தைத்தான் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கட்டத்துக்குள் அடங்கவில்லை. நகம் கடித்துக் கடித்து விரல் நுனி எரிகிறது, மன்னியுங்கள், தட்டச்சுப் பிழை இருந்தால் அதனால்தான்.

2

முதல் தொடக்கம்: "ஜவ்வாது மலையில் பொழுது விடிகிறது. பாஞ்சாலை தன் நிலத்தை நோக்கி —"

(அடித்துவிட்டேன். எந்த அறிக்கையைத் திறந்தாலும் மலையில் விடிந்துகொண்டேதான் இருக்கிறது. அங்கே மத்தியானமே வராது போல.)

இரண்டாம் தொடக்கம்: "பாஞ்சாலையின் குடும்பத்தில் நாலே கால் பேர். அவர்களிடம் ஒன்றே முக்கால் ஆடு இருக்கிறது."

இது பொய்யில்லை. சராசரி. நாங்கள் விசாரித்த குடும்பங்களை எல்லாம் கூட்டி வகுத்துச் செய்த பொம்மைக் குடும்பம் அது. அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. மலைக்கு விவரம் சேகரிக்க விசாரணைக்குப் போன அன்று முதலில் பேசியவரின் பெயரை வைத்துவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை.

குழப்பம் வராமலிருக்க ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள் இருப்பவள் பாஞ்சாலை. மலையில் இருப்பவர் பாஞ்சாலை அக்கா. அக்காவுக்கு ஆறு ஆடு, சரிவில் கொஞ்சம் நிலம், ஓரத்தில் புளியமரம், கோபால்சாமி என்று ஒரு கணவர். பாஞ்சாலை நான் சொன்னதைக் கேட்பாள். அக்கா கேட்கமாட்டார்.

3

மூன்றாம் தொடக்கம். இது நடந்தது.

விசாரணை முடிந்த அன்று கிளம்புகிற நேரத்தில் பாஞ்சாலை அக்கா ஜீப்பை மறித்துக்கொண்டு நின்றார். "காலையிலேர்ந்து கேட்டுக்கினே கீறீங்களே டீச்சர், இந்தப் பொட்டி எங்களுக்கு இன்னா சொல்லுதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க." கையில் பேனா வைத்திருக்கும் பெண்கள் எல்லாம் அவருக்கு டீச்சர்தான். நானும் பெருமைக்காரி. சந்தவாசலில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஜெபதுரையின் மகள், மலையடிவாரத்துப் பெண், கம்ப்யூட்டரை இயக்கிக் காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று லேப்டாப்பை ஜீப்பின் முன்மூக்கில் வைத்துத் திறந்தேன். அவர் வீட்டு விவரங்களைப் போட்டு ஓட்டினேன்.

திரையில் நிலம் பச்சையாக இருந்தது. பச்சை என்றால் சாமை. அது சுருங்கிச் சுருங்கி இல்லாமல் போய், முழுக்க மரம் என்று வந்து நின்றது. திரைக்குள் கோபால்சாமி கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். அப்போது அந்த மாதிரி பாதிதான் வெந்திருந்தது, எதையும் நம்பக் கூடாத நிலை. "இது சும்மா டெஸ்ட்டுதாங்க்கா," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் பக்கத்து நிலக்காரர் சடையன் மட்டும் திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்த ஊரில் விதைப்புக்கு முன் அம்மனுக்குப் பூ வைத்துக் கேட்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் விதைக்கலாம், இடப்பக்கம் விழுந்தால் பொறுக்க வேண்டும். விழுந்த பூவோடு யாரும் வாதம் பண்ணுவதில்லை. என் பச்சைக் கட்டத்தையும் அந்தப் பூவைப் போலவே பார்த்திருக்கிறார்கள்.

சில நாளிலேயே சடையன் தன் நிலத்தை வெட்டி விற்க மரம் வைக்கிற ஒரு ஆளுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்.

4

(கமிட்டிக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். வாசகர் போகக் கூடாது.)

மாதிரி என்பது ரொம்ப எளிது. பாஞ்சாலைக்கு ஒரே ஒரு ஆசையைக் கொடுப்போம்: வருமானம் அதிகம் வர வேண்டும். பிறகு எந்தப் பயிர், எவ்வளவு என்று அவளே தேர்ந்துகொள்வாள். சிக்கல் என்னவென்றால், அப்படி விட்டால் அவள் சாமை போடவே மாட்டாள். ஆனால் மலையில் வருஷா வருஷம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நிஜம் மாதிரியோடு ஒத்துப்போகவில்லை.

அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. சாமைப் பக்கம் ஒரு எண்ணைச் சேர்ப்போம். சாமையால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு நன்மை இருப்பதாக வைத்துக்கொண்டு, மாதிரி நிஜத்தோடு பொருந்துகிறவரை அந்த எண்ணை ஏற்றுவோம். பொருந்தியதும் நிறுத்திவிடுவோம். அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டேன். அருள்மணி சார் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் செய்றதுதானம்மா. உலகம் பூரா செய்றாங்க. அதைப் போய் நோண்டாதே."

நோண்டினேன். எண்ணை வைத்தால் பாஞ்சாலை என்ன ஆனாலும் சாமை போடுகிறாள், ஆகவே கொள்முதல் நிலையம் தேவையில்லை. எண்ணை எடுத்தால் நிலையம் வந்தாலும் அவள் மரத்துக்குப் போய்விடுகிறாள், ஆகவே நிலையம் வீண். மலை, மழை, விலை எல்லாவற்றையும் போட்டு நான் கட்டிய இத்தனை பெரிய கட்டடம், உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத ஒரு எண்ணின் மேல் நிற்கிறது. 

5

ஆகவே பாஞ்சாலை அக்காவுக்கே போன் போட்டேன். மூன்று தரம் அடித்த பிறகு எடுத்தார்.

"அக்கா, நீங்க ஏன் சாமை போடறீங்க?"

"இன்னா கேள்வி இது? சோத்துக்குத்தான்."

"ரேஷன் அரிசி வருதே?"

"வருது. அதுக்கின்னா இப்போ?" கொஞ்சம் யோசித்தார். "தாளு ஆட்டுக்கு ஆவும். பொங்கலுக்குப் புதுச் சாமை வோணும். போடலன்னா நெலம் வெறிச்சினு கெடக்கும், பாக்கச் சகிக்காது. தெரிலங்க டீச்சர், கேட்டாக்க இன்னா சொல்றது!"

"சடையண்ணன் விட்டுட்டாரே, உங்களுக்கு ஏதாவது கஷ்டமா?"



"அறுப்புக்கு ஒரு ஆள் கொறையுது. நாங்க கூலிக்கு ஆள் வெக்கிறதில்லியே. அவுங்க நெலத்துக்கு நா போவேன், எங்குளுதுக்கு அவுங்க வருவாங்க. சாமை போட்டவங்கதான் அந்த முறையில வருவாங்க. இப்ப துரைக்கண்ணு வூட்லயும் மரம் வெக்கிறதா பேசிக்கிறாங்க. எல்லாம் போய்ட்டா நா ஒருத்தி அறுத்து எப்ப முடிக்கிறது? அதுக்குள்ள மணியெல்லாம் கொட்டிப்பூடும். இந்த மனுசன் வேற கேரளா கேரளான்னு குதிக்கிறாரு."

அக்கா பழைய கதை பேசுவதுபோல்தான் சொன்னார். எனக்குத்தான் சட்டென்று உறைத்தது. அந்த எண் பாஞ்சாலையின் வீட்டுக்குள் இல்லை. பக்கத்து வீடுகளில் இருக்கிறது. எல்லாரும் போட்டால் ஒவ்வொருவருக்கும் சாமை கட்டுப்படியாகும். ஒவ்வொருவராக விட்டால் மிச்சமிருப்பவருக்குக் கட்டாது. அன்று மாலையே மாதிரியை அப்படி மாற்றி ஓட்டினேன். இரண்டு விடை வந்தது. எல்லாரும் சாமை. அல்லது எல்லாரும் மரம். இரண்டும் சரியான விடைதான், நடுவில் ஒன்றுமில்லை. எது நடக்கும் என்பது, மற்றவர் என்ன செய்வார் என்று ஒவ்வொருவரும் எதை நம்புகிறார்களோ அதைப் பொறுத்தது.

அந்த ஊருக்குப் போய் ஜீப்பின் முன்மூக்கில் லேப்டாப்பைத் திறந்து வைத்தவள் நான்.

6

முடிவுகள். கமிட்டிக்கு இரண்டு மூன்று மாற்று வழி காட்டுவது எங்கள் வழக்கம்.

முடிவு அ: நிலையம் வருகிறது. எல்லாரும் விதைக்கிறார்கள். பாஞ்சாலை சிரிக்கும் புகைப்படம். (அருள்மணி சாருக்குப் பிடிக்கும்.)

முடிவு ஆ: எல்லாரும் குத்தகைக்கு விடுகிறார்கள். மரம் வைத்த நிலம் பல வருஷத்துக்குக் கைக்குத் திரும்பாது. கோபால்சாமி மிளகுத் தோட்டத்திலிருந்து பொங்கலுக்கு மட்டும் வருகிறார். அக்கா தன் சரிவில் வேறொருவருக்குச் சம்பளத்துக்குக் குழி —

(இதை முடிக்க முடியவில்லை.)

முடிவு இ: அக்கா மட்டும் தனியாக விதைக்கிறார். முறைக்கு ஆள் இல்லை. முற்றிய கதிர் —

இந்த இடத்தில் போன் அடித்தது. கதைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அடித்தது.

"டீச்சர், மழ நல்லா பேஞ்சிச்சு. நாளைக்குப் பூ கேக்கறாங்க."

"நல்லதுக்கா."

"பூவு வெதைக்கிற நாளத்தான் சொல்லும். சாமையா மரமான்னு பூகிட்ட நாங்க கேட்டதே இல்ல, முன்ன ஏது அந்தக் கேள்வி? துரைக்கண்ணு, திரௌபதி, இன்னும் நாலு வூட்ல எங்கிட்டதான் கேக்கறாங்க. 'டீச்சர்கூடப் பேசறியே, பொட்டி இப்ப இன்னா சொல்லுதாம்?'னு. அன்னிக்கு மரம்னு சொல்லிச்சே, இன்னும் அதேதானா?"

"அது அன்னைக்கே தப்புக்கா. பாதிக் கணக்கு."

"அப்ப சாமையா?"

"அதுவும் சொல்ல முடியாதுக்கா. நீங்க எல்லாரும் சேந்து போட்டா சாமை. ஆளுக்கு ஆள் பயந்தா மரம். நான் எதச் சொன்னாலும் அது அப்படியே நடந்துடும். அதனால எதுவும் சொல்லக் கூடாது. நிலையம் வருமான்னுகூட எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்றத நா எப்பிடிம்மா ஊர்ல போயி சொல்றது? தெரியாதுன்னா அன்னிக்குக் காட்டுனதுதான் அவுங்க மனசுல நிக்கும்." கோபம் குரலில் ஏறிவிட்டது. மூச்சு வாங்கியது. "சரி. பொட்டி சாமைன்னு சொல்லிச்சுன்னு நானே சொல்லிடறேன்."

"ஐயோ, அக்கா! அப்படிச் சொல்லாதீங்க!"

"அப்ப மரம்னு சொல்லட்டா?"

  மாதிரியில் எனக்கு இப்படி ஒரு கட்டம் வந்ததே இல்லை. அங்கே பாஞ்சாலைதான் தேர்ந்துகொள்வாள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"பேசாம கீறீங்களே. சரி வுடுங்க, நா பாத்துக்கறேன். இருட்டிக்கினு வருது, நா வூட்டுக்கு எறங்கறேன்."

வைத்துவிட்டார். உடனே திரும்ப அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பாறை மேல் ஏறி நின்றால்தான் அவருக்கு சிக்னல்; கீழே வீட்டில் கிடைக்காது. மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே.

7

அரைப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அருள்மணி சார் இரண்டு தரம் கேட்டுவிட்டார். எழுதுகிறேன் சார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்களைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அக்கா பொய் சொல்ல வேண்டும், எல்லாரும் விதைக்க வேண்டும் என்று இந்நேரம் நீங்கள் ஆசைப்பட ஆரம்பித்திருப்பீர்கள். நானும்தான் ஆசைப்படுகிறேன். நான் வாய் திறக்காததற்கு அதுதான் காரணமோ என்று பயமாக இருக்கிறது. நிலையம் வராமல் போய், பாதியில் இரண்டு வீடு பின்வாங்கி, கதிர் நிலத்திலேயே கொட்டினால், ஊர் என்னைத் தேடி வராது. பாஞ்சாலை அக்காவின் வாசலுக்குத்தான் போகும். அவர் சொன்ன பொய், என் பெட்டியின் பெயரில்.

ஆகவே முடிவு எழுதமாட்டேன். மழை பெய்தது, மறுநாள் பூ கேட்பதாக இருந்தார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நீங்கள் இதைப் படிக்கிற நேரத்துக்கு அறுப்புக் காலம் வந்திருக்கலாம். முடிந்தால் திருப்பத்தூரில் ஜீப் பிடித்து மேலே போங்கள். அக்காவைப் பார்த்தால் நான் அனுப்பினேன் என்று சொல்லுங்கள். பெட்டி சாமை என்று சொல்லவே இல்லை என்று மட்டும் ஊரார் காதில் போட்டுவிடாதீர்கள்.

இல்லை, போட்டுவிடுங்கள்.

தெரியவில்லை. முதலில் அந்தச் சரிவைப் பாருங்கள், அதில் எத்தனை பேர் குனிந்து அறுக்கிறார்கள் என்று பாருங்கள். பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.