பத்திரத்தாள்

ஈரத்துணியால் கணவனின் இடது கையைத் துடைத்துக்கொண்டு வந்த அம்சவேணி கட்டைவிரலுக்கு வந்ததும் நிறுத்தினாள். நுனியில் நீல மை. தேய்த்தாள். போகவில்லை.

விடியலில் மாதேஸ்வரனின் மூச்சு அடங்கியபோது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அப்போது மை இல்லை. பிறகு குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க ஊற்றுக்குப் போனாள். அவள் திரும்பும்வரை பிணத்தோடு இருந்தவன் கொழுந்தன் குப்புசாமி மட்டும்தான்.

மிளகுத் தோட்டத்தை எழுதிக்கொடு என்று ஒரு வருடமாக அண்ணனை அரித்தவன். விறைக்கத் தொடங்கிய விரலை நிமிர்த்தி, மையில் தோய்த்து, பத்திரத்தாளில் வைத்து அழுத்தியிருக்கிறான். எட்டு மாதம் கணவனின் கோழையும் ரத்தமும் அள்ளிக் கொட்டியவளுக்கு ஒருநாளும் வராத அருவருப்பு இப்போது வந்தது.

வாசலில் குப்புசாமி மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

உலகச் சண்டைக்காலத்தில் அசாமுக்கு ரோடு போடப் போனவன் மாதேஸ்வரன். அங்கே ஆகாய விமானங்களைப் பார்த்துவிட்டு, நெஞ்சுச் சீக்கோடு திரும்பி, கட்டிலில் கிடந்தபடி காகித விமானம் மடித்தான். செய்தித்தாள் மலைப்பனியில் நமுத்து, மூக்குக் குப்புற விழும். வெல்லம் கட்டிவந்த பழுப்புத்தாள் கனத்தில் வாசலையே தாண்டாது. நோட்டுத்தாள் மட்டும் பள்ளத்துக்கு இப்பால் நிற்கும் பலாமரம்வரை போகும். எல்லாவற்றையும் அவள்தான் பொறுக்கிவந்து கொடுப்பாள், எரிச்சலோடு.

"தாளு வெறைப்பா இருக்கோணும் புள்ள, ஆனா கனக்கப்படாது. பத்தரத்தாளு ஒண்ணு கெடைச்சாப் போதும், பள்ளத்தையே தாண்டிரும்" என்பான். தம்பியிடம் கேட்டும் பார்த்தான். "சர்க்கார் தாளுல வெளையாட்டா?" என்று சிரித்துவிட்டுப் போனான் குப்புசாமி.

அம்சவேணி வாசலுக்கு வந்தாள்.

"கொழுந்தனாரே, அந்தத் தாளக் குடுங்க."

"எந்தத் தாளுங்க அண்ணி? இந்த நேரத்துல..."

"அவரு வெரல்ல மை இருக்குதுங்க."

அழுகை பட்டென்று நின்றது. மாதேஸ்வரனின் அத்தை பாவாயி எழுந்து உள்ளே போனாள். பார்த்துவிட்டு வந்து, குப்புசாமியின் காலடியில் காறித் துப்பினாள்.

"அண்ணன் சம்மதிச்சுத்தானுங்க அத்தை..."

"எப்பொடா? இவ தண்ணிக்குப் போனதுக்கப்பறமா? எடுத்துக் குடுறா."

வேட்டி மடியிலிருந்து எடுத்து நீட்டினான். அவன் வியர்வையில் தாள் வெதுவெதுப்பாக இருந்தது. செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் வாங்கினாள். கிழித்துப் போடத்தான் நினைத்தாள். ஆனால் தாளின் விறைப்பு கைக்குத் தெரிந்தது. துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்து, கணவன் மடிப்பதைப் பார்த்துப் பழகியபடியே மடித்தாள். ரேகை உள்மடிப்புக்குள் மறைந்தது.

வாசல் ஓரத்துக்குப் போய் வீசினாள்.

மூக்கு தாழவில்லை. பள்ளத்தின்மேல் நேராகப் போய், காற்றில் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்து, எதிர்க்கரைச் சோலைக்குள் இறங்கியது. அவள் கையைச் சேலையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

மதியம் பிணத்தை எடுத்தார்கள். பிள்ளையில்லாதவனுக்குத் தம்பிதான் நீர்க்குடம் தூக்க வேண்டும், வேறு ஆளில்லை. குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள் அம்சவேணி. குப்புசாமி இரண்டு கைகளையும் நீட்டினான்.

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். குடத்தை மண்ணில் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

அவன் குனிந்து எடுத்துக்கொண்டான்.