இரண்டு பொட்டலம்

தராசு பிடிக்கிறவனை நான் நம்பமாட்டேன். பஸ் கண்டக்டரையும் நம்பமாட்டேன். போன வருசம் என் மூக்கை நம்பினேன். விலை ஏறட்டும் என்று தோட்டத்துப் பட்டறையில் அடைத்து வைத்த சின்ன வெங்காயம் பாதி அழுகிப் போயிற்று. தினமும் மோந்து பார்த்து, ஒன்றும் கெடவில்லை என்று சொன்னவன் நான்தான். இப்படிப்பட்டவனிடம்தான் என் பேத்தி சத்யப்பிரியாவின் படிப்பு வந்து மாட்டியது. அவள் அப்பன் அறிவரசன் வடக்கே லாரி ஓட்டுகிறான். “தாத்தா என்ன சொல்றாரோ அதான்” என்று போனை வைத்துவிட்டான்.

அவள் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் வருசம். இனி அதை ஒரு தொழிலோடு சேர்த்துப் படிக்க வேண்டுமாம். ஒரு பக்கம் பேங்க், இன்னொரு பக்கம் விவசாயம். சாயங்காலத்துக்குள் வீட்டுப் பெரியவர் காலேஜுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவள் விவசாயம் என்றாள்.

“வெங்காயத்துக்கு எதுக்கு காலேஜு? நானே சொல்லித் தரேன், பீஸ் வேணாம்.”

“நீங்க சொல்லித் தந்ததுதான் போன வருசம் அழுகிப் போச்சே தாத்தா.”

அவள் விடவில்லை.

“இந்த செமஸ்டர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்தாத்தான் அடுத்ததுல சென்சார் பேப்பர் தருவாங்க. அத முடிச்சாத்தான் கடைசி வருசம் ப்ராஜெக்ட். நம்ம பட்டறையிலயே மெசின் வைப்பேன். உள்ள சூடோ ஈரமோ ஏறுனா போனுக்கு மெசேஜ் வரும். இன்னைக்கு விட்டா எல்லாம் போச்சு.”

ஒரு எழவும் புரியவில்லை. புரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

“அரியலூர்ல உங்க மாமன் மவன் கம்ப்யூட்டரு படிச்சுட்டு சிமெண்டு லாரிக்கு டோக்கன் போடுறான். பேங்குன்னா பேன் காத்துல உக்காரலாம்ல?”

உண்மையில் என் பயம் வேறு. இவள் வெள்ளந்தி. வெங்காய யாவாரிகளுக்கு நடுவில் விட்டால், இவளையே எடைபோட்டு விற்றுவிடுவார்கள்.

“பூக்கட்டிப் பாத்துருவோம். ஆத்தா சொல்றதுதான் முடிவு” என்றேன். கிணறு வெட்டவும் கல்யாணம் பேசவும் எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரி எடுப்பது எதுவோ அதுதான் உத்தரவு. வெள்ளை என்றால் பேங்க், சிவப்பு என்றால் விவசாயம்.

பொட்டலத்தை நானே கட்டினேன். இரண்டிலும் வெள்ளை அரளி. ஆத்தா மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, ஒரு முன்ஜாக்கிரதை.

ஆத்தா கோயிலில் பூசாரி பிச்சைமுத்து ஒன்றை எடுத்தார். அவர் முழுசாகப் பிரிப்பதற்குள் “பேங்குதான்!” என்று கத்திவிட்டேன்.

சத்யப்பிரியா என்னையே பார்த்தாள்.

“இன்னொன்னையும் பிரிங்க, பூசாரி மாமா.”

“அது வழக்கமில்லியேம்மா.”

“வந்த விடைய மட்டும் பாத்தா பத்தாது மாமா, வராததையும் பாக்கணும். காலேஜுல அதத்தான் மொதல்ல சொல்லித் தந்தாங்க.”

பிரித்தார். வெள்ளை.

“ஏன் பெரியவரே, ஆத்தாகிட்டயேவா?”

“கண்ணு சரியாத் தெரியல” என்றேன். மூக்கு போனது ஊருக்கே தெரியும். கண்ணும் போனதாகச் சொல்வதில் என்ன நட்டம்?

“இந்தத் தடவ நான் கட்டுறேன்” என்று அவள் கோயில் பூத்தட்டோடு தூண் பக்கம் திரும்பிக் கட்டிக்கொண்டு வந்தாள். பூசாரி எடுத்தார். சிவப்பு.

“விவசாயம் தாத்தா” என்றாள், பால் குடித்த பூனை மாதிரி.

திரும்பி நின்று கட்டியது எனக்கு உறுத்தியது.

“மத்ததையும் பிரிய்யா.”

அதுவும் சிவப்பு.

“ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போங்க. ஆத்தாளுக்கு வேற வேல இருக்கு” என்றார் பிச்சைமுத்து.

அவள் தலை குனியவில்லை. “உங்கள மாதிரியேதான் கட்டுனேன்.”

கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. என்னையே ஏமாற்றப் பார்த்தவளை எந்த யாவாரி ஏமாற்றிவிடுவான்? மத்தியான பஸ்ஸிலேயே காலேஜுக்குப் போனோம். எழுதியிருந்ததை வாத்தியாரை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, விவசாயத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன்: “நீ மெசினே வச்சாலும் நான் மோந்துதான் பாப்பேன்.”

“பாருங்க தாத்தா. உங்க மூக்கு எத்தன தடவ தப்பா சொல்லுதுன்னும் கணக்கு எடுக்கணும். ப்ராஜெக்ட்டுக்கு வேணும்.”

கண்டக்டர் கொடுத்த சில்லறையை எண்ணினேன். பிறகு அவளிடம் கொடுத்து எண்ணச் சொன்னேன்.